பாலிகை வளர்த்தவள்

இவ்வளவு வருஷம் கழித்தும் அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். அவளைப் பற்றிச் சொல் என்றால் அந்த வரிசையில்தான் எனக்குச் சொல்ல வரும்.

திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. யுத்த காலம். மலையடிவாரத்தில் குளத்துக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. சில வீடுகள் தள்ளி அவள் வீடு. ஊரில் அவளைப் பாலிகைக்காரி என்பார்கள். நேரில் நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். கழுத்தில் தாலி இருந்தது. கட்டியவன் புத்தூர்ப் பக்கம் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். அதனால் அவள் கையால் வளர்ந்த பாலிகை கல்யாண மேடை ஏறலாம், அவள் ஏறக் கூடாது. பந்தலில் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கொடுத்த புடவையை வாங்கிக்கொண்டு போவாள்.

பாலிகை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தக்கால் நட்ட அன்று சுமங்கலிகள் கூடி, பாலில் ஊறிய நெல், பயறு, உளுந்து, துவரை எல்லாவற்றையும் மண் சட்டிகளில் தெளிப்பார்கள். முகூர்த்தத்தன்று அது பசேலென்று முளைத்து மேடையில் நிற்க வேண்டும். நின்றால் குடும்பம் தழைக்கும். சாய்ந்தாலோ அழுகினாலோ பெண்ணுக்கு ராசி இல்லை. மாப்பிள்ளைக்கு ராசி இல்லை என்று ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தறிக்குழி, கோழி, குழந்தைகள். சட்டியை வைக்க இடம் ஏது? தெளித்த கையோடு அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அவள் வீட்டு உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவருக்கு அந்தண்டை அடுப்பு. கூரையில் ஒரே ஓர் ஓடு மட்டும் நகரும். அதை மூங்கில் கழியால் தள்ளித் திறப்பாள். முதலில் சட்டிகளை அடுப்புச் சுவரோரம் வைத்து ஈரக் கோணியால் மூடுவாள். அப்போது வேண்டியது இருட்டும் சூடும்தான். முளை தலை தூக்கியதும் கோணி போய்விடும், சட்டிகள் எதிர்ச் சுவருக்கு நகரும். விரலால் தெளித்த தண்ணீர் உள்ளங்கை அளவாகும். இலை பிரிந்ததும் ஓட்டை ஒரு விரற்கடை தள்ளுவாள், மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒரே பக்கமாகச் சாயாமல் இருக்கச் சட்டியைத் திருப்பித் திருப்பி வைப்பாள். அடைமழை என்றால் மூலையில் கரி நெருப்பு, வெயில் காலமென்றால் சுற்றிலும் நனைத்த புடவை. கல்யாணத்துக்கு முந்தின நாள் முற்றத்து நிழலில் காற்றாட விடுவாள்.

"காத்து படாத தண்டு மேளச் சத்தத்துக்கே சாஞ்சிடும்" என்பாள்.

சுமங்கலிகள் தெளிப்பதற்கு முன்னாலேயே நெல்லை மட்டும் அவள் ரகசியமாக முளை கட்டி வைத்திருப்பாள். அவர்கள் போனதும் அந்த முளைநெல்லை மண்ணில் கலந்துவிடுவாள். நான் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, "நெல்லு சோம்பேறி, பயிறு அவசரக்காரி. ரெண்டயும் ஒண்ணா தெளிச்சா எப்படி ஒண்ணா வரும்? இந்தப் பொம்பளைங்களுக்கு அது தெரியணும்னு இன்னா அவசியம்" என்றாள்.

அதுதான் அவள். யாருக்கு எப்போது எவ்வளவு தேவை என்று அவளே முடிவு செய்வாள். கேட்க மாட்டாள், சொல்லவும் மாட்டாள்.

ஒரு தைக் கிருத்திகைக்கு மலையில் கூட்டம் நெரிந்தது. காவடிக் கூட்டத்தைக் கட்டி மேய்த்து அலுத்துப்போன போலீஸ்காரன் ஒருவன், நிழலுக்கு ஒதுங்கியவன், திறந்திருந்த வீட்டுக்குள் நுழைந்து அவளுடைய உள்ளறைக் கதவைத் தள்ளிவிட்டான். அவள் ஓடிவந்தாள். அவனை வெளியே இழுப்பாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். "பூந்தது பூந்துட்ட. திருப்பித் தொறந்தா இன்னொரு தபா வெளிச்சம் அடிக்கும். பொழுது சாயற வரைக்கும் உள்ளயே குந்திகினு இரு" என்றாள். அவன் கதவை இடித்துப் பார்த்தான், மிரட்டிப் பார்த்தான், பிறகு கெஞ்சினான். சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. வெளியே வந்தபோது அவனுக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள், அதையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

என் தலைப்பிரசவத்தின்போது எங்கள் வீட்டையே அப்படி நடத்தினாள். எனக்கும் தங்கைக்கும் அம்மா இல்லை, நைனா மட்டும்தான். நான் அதே தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். பிரசவத்துக்கு நைனா வீட்டுக்கு வந்திருந்தேன். அவளாகவே வந்து அறை ஜன்னலைச் சாத்தினாள். பிள்ளை பிறந்து தொப்புள் விழுந்ததும் கால் பங்கு திறந்தாள். நான் எழுந்து முழுசாகத் திறந்தால் மறுபடி வந்து கால் பங்காக்கிவிட்டுப் போவாள். "இது என் வூடு அத்தே" என்று கத்தினேன். "ஆங், வூடு உன்னுதுதான்" என்றாள். ஜன்னல் அவள் வைத்தபடியே இருந்தது. பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பதிலுக்கு எனக்கு வந்த எரிச்சல் லேசில் போகவில்லை.

அந்த நாட்களில்தான் இன்னொரு விஷயம் கண்டுபிடித்தேன். அவள் வீட்டுக் குதிருக்குப் பின்னால் வேறு சட்டிகள் இருந்தன. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் கொண்டுவந்து விடுகிற சட்டிகளைப் போலவே அவளும் தனியாக இன்னொரு வரிசை தெளித்து வளர்ப்பாள். கல்யாண வீட்டுச் சட்டி ஏதாவது கோளாறானால் ஓசைப்படாமல் மாற்றி வைத்துவிடுவாள்.

"இது மோசம் இல்லியா அத்தே?"

"எலி கடிச்சாலும் பொண்ணு தலையிலதான் போடறாங்க. அது மோசம் இல்லியா?"

எத்தனை பெண்களை அப்படிக் கரையேற்றியிருப்பாள் என்று அந்தப் பெண்களுக்கே தெரியாது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால்தான் என் தங்கைக்கு அவள் செய்தது என்னவென்று புரியும்.

நூலுக்குக் கன்ட்ரோல் வந்தது. பர்மிட் இருந்தவனுக்கு நூல், இல்லாதவனுக்கு வெறும் தறி. எங்கள் தறிக்குழியில் பூனை குட்டி போட்டிருந்தது. அந்தச் சமயத்தில் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நூல் வியாபாரி ஒருவன் என் தங்கையைக் கேட்டு ஆள் அனுப்பினான். இரண்டாம் தாரம். முதல் மனைவி கிணற்றில் தவறி விழுந்து செத்துப் போனாள் என்றார்கள். பெண்ணைக் கொடுத்தால் நூலுக்குக் குறை இருக்காது என்றும் சொன்னார்கள். நைனா சரி என்றார்.

மறுநாளே அவள் வந்து எங்கள் வாசற்படியில் நின்றாள். நைனா பழைய நூல் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அந்த எடம் வோணாம்."

"ஏம்மா?"

"அந்தப் பொண்ணு தவறி வுழல. அவ கண்ணாலத்துக்கும் நான்தான் பாலிகை வளத்துக் குடுத்தேன். அப்படி ஒரு பச்சை, ஊரே பாத்துச்சி. அப்பால ஒரு கிருத்திகைக்கு மலைக்கு வந்தவ என் வூட்டுக்கு வந்தா. ரவிக்கைய எறக்கி முதுவைக் காமிச்சா. வார் பட்டையால அடிச்ச தழும்பு, ஆறாத புண்ணு. அடுத்த வருஷம் கெணத்துல கெடந்தா."

நைனா தலையைத் தூக்கினார். "கட்டினவனை வெச்சிகினு வாழத் தெரியாதவ எனக்கு புத்தி சொல்ல வந்துட்டியா? போம்மா. போயி உன் வேலையைப் பாரு."

அவள் படி இறங்கிப் போய்விட்டாள். தங்கை சமையல்கட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, எனக்கு பயமா கீது" என்றாள். நான் நைனாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் தறிமேட்டில் உட்கார்ந்து, நூல் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து சாகலாம் வாருங்கள் என்று அழுதார். பெற்ற அப்பன் அழுகிறபோது அந்தப் பெண் என்ன சொல்வாள்?

பந்தக்கால் நட்டார்கள். நானும் ஒரு சுமங்கலியாக நின்று பாலிகை தெளித்தேன். சட்டிகள் அவள் வீட்டுக்குப் போயின.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சம்பந்தியம்மாள் தேங்காய் பழத்தோடு பாலிகையைப் பார்க்கப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் எல்லாரும் மேளத்தோடு போனோம். அவள் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தாள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், மஞ்சள், நூல் போல. ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. வேரில் வெள்ளைப் பூஞ்சணம், கிட்டப் போனால் நாற்றம். மேளக்காரன் தானாகவே நிறுத்திவிட்டான்.

சம்பந்தியம்மாள் தேங்காயைத் திரும்பக் கூடையில் வைத்தாள். "இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள இந்த நாத்தம்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் வண்டி பூட்டிப் போய்விட்டார்கள். அந்த நூல் வியாபாரிக்கு அடுத்த மாசமே வேறு ஊரில் பெண் கிடைத்தது. முதல் பெண்டாட்டி கிணற்றில் செத்தது அவனுக்கு ராசிக் குறைவாக யாருக்கும் படவில்லை. சட்டியில் பயறு அழுகியது மட்டும் என் தங்கைக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. இதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

அவர்கள் வண்டி கிளம்பியதும் நான் அவள் வீட்டுக்கு ஓடினேன். கொல்லையில் அவள் ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நெல்லும் பயறும் துவரையும், ஒரே மட்டமாக, கத்தரித்த மாதிரி, பச்சைப் பசேலென்று. குதிருக்குப் பின்னாலிருந்த சட்டிகள்.

"இத்த ஏன் மாத்தி வெக்கல?"

"வெச்சிருந்தா நாளைக்கி உன் தங்கச்சி அந்த வண்டியில ஏறி இருப்பா."

"அப்போ வேணும்னுதான்..."

"ஆங். அடுப்பாண்டயே வெச்சேன். கோணிய எடுக்கல. ஓட்டைத் தொறக்கல. செம்பு செம்பா ஊத்தினேன். வாயால சொன்னேன், உங்க நைனா கேக்கல. இப்போ எல்லாரும் கேட்டுகினாங்க இல்ல?"

"அவளை இந்த ஊரு இன்னா சொல்லும்னு நெனச்சீங்களா? அவளை ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உசுரோட இருந்தா ஊரு இன்னாவேணா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு வந்தேன். அவள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. தங்கை உயிரோடு இருந்தாள். அத்தை வேண்டுமென்றே செய்தாள் என்று நான் சொன்னதும் அன்று இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டாள். ஆனால் ஒருத்தி வாழ்க்கையைச் சட்டியை நகர்த்துவது போல நகர்த்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவது என்ன நியாயம்? அடுத்தடுத்த வருஷங்களில் தெருவில் யார் வீட்டில் பந்தக்கால் நட்டாலும் என் தங்கையை மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அழுகின பாலிகைக்காரி என்று பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். அவள் கூடத்துக்குள்ளேயே முடங்கிப்போனாள். பாலிகைக்காரி வழியில் எதிர்ப்பட்டால் தங்கை நன்றியும் சொல்ல மாட்டாள், திட்டவும் மாட்டாள், தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவாள்.

யுத்தம் முடிந்த பிறகு திருவாலங்காட்டிலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஒரு கிருத்திகைக்கு நான் வற்புறுத்தி மலைக்கு அழைத்துப் போனபோது என் தங்கையைப் பார்த்திருக்கிறான், அவனாகவே விரும்பிக் கேட்டான். இரண்டு தரம் வந்து பேசிவிட்டும் போனான். தங்கை மறுபடி தலையில் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். இந்த முறை அவளுக்கே மனசு இருந்தது. அப்புறம் அவன் தாயார் காதில் யாரோ பழைய கதையைப் போட்டார்கள். அந்தம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்து, இந்த இடம் வேண்டாம் என்றாள்.

நான் பாலிகைக்காரி வீட்டுக்குப் போனேன். "எந்த மூஞ்சிய வெச்சிகினு இருக்கீங்க? நான் சொன்னா அக்காக்காரின்னு யாரும் நம்ப மாட்டாங்க, நீங்க வந்து சொல்லுங்க, நாந்தான் பண்ணேன்னு" என்று கத்தினேன். எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு வந்தாள். பாலிகை வளர்த்துக் கிடைக்கிற அரிசியிலும் புடவையிலும்தான் அவள் பிழைப்பே ஓடியது. வேண்டுமென்றே அழுகவிட்டேன் என்று ஊரறியச் சொன்னால் அப்புறம் யார் சட்டி கொடுப்பார்கள்? அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் வந்தாள். எங்கள் கூடத்தில் அந்தத் தாயார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தம்மாள் சிரித்தாள். "பொண்ணு வூட்டுக்கு வோண்டியவங்க. அப்படித்தானே சொல்லுவீங்க. பாலிகை மனுஷி சொல்லியா அழுவும்?"

"சரி, பத்து நாளு கயிச்சி வாங்க. இவ கையால தெளிக்கட்டும், ஒரே வெதை, ஒரே மண்ணு, ரெண்டு சட்டி. ஒண்ணத் தழைய வெக்கிறேன், ஒண்ண அழுவ வெக்கிறேன். கண்ணால பாருங்க."

தங்கை இரண்டு சட்டியிலும் தெளித்தாள். அவர்கள் சொன்ன நாளில் வந்தார்கள், பையனும் வந்தான். தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் நின்றார்கள். பாலிகைக்காரி இரண்டு சட்டிகளையும் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். ஒன்று பசேலென்று நிமிர்ந்து நின்றது. இன்னொன்று மஞ்சளாய் அழுகிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் எங்கே வைத்தாள், எப்போது நகர்த்தினாள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெளிச்சம் என்று ஒளிக்காமல் சொன்னாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தத் தாயார் குனிந்து இரண்டையும் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"அதெல்லாம் சரி. இதுல எது உங்க பொண்ணு பேர்ல தெளிச்சது?"

அத்தே, பச்சை என்று சொல்லித் தொலையுங்கள், ஒரே வார்த்தை, கல்யாணம் முடிந்துவிடும் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். எத்தனை சட்டியை மாற்றி வைத்தவள், இது அவளுக்குப் பெரிய காரியமா? அவள் சொல்லவில்லை.

"ரெண்டும் அவ கையால தெளிச்சதுதாம்மா" என்றாள்.

"கையி சரிதான். பேரு?"

என் தங்கை அந்தப் பையனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முன்னால் வந்து அழுகின சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இதுதாங்க என்னுது" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல" என்று அந்தம்மாள் மகனிடம் சொன்னாள். அவன் எழுந்துபோய்த் தாயாரின் பையை எடுத்துக்கொண்டான். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. பாவம், அந்தப் பொண்ணுக்காகப் பாலிகைக்காரி என்னென்னவோ பொய் சொல்லிப் பார்த்தாள் என்று பேசிக்கொண்டே போனார்கள். அவள் மேல் பழி விழவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கும் அவளிடமே சட்டி கொடுத்தார்கள். இந்த ஜனங்களை என்ன சொல்லித் திட்டுவது?

கூடத்தில் நாங்கள் மட்டும் மிச்சம். தங்கை சட்டியைக் கீழே வைக்காமல் அவளிடம் கேட்டாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நீங்களே பச்சைய காமிச்சிருக்கலாமே. ஏன் காமிக்கல?"

"ஒரு தபா உன்னைக் கேக்காம பண்ணிட்டேன். இன்னொரு தபா பண்ண மாட்டேன்."

தங்கை அப்போதுதான் அழுதாள். பாலிகைக்காரி அவள் இடுப்பிலிருந்து சட்டியை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தேற்றவில்லை. அந்த அழுகை அந்தப் பையனுக்காக. கூப்பிடு தூரம்கூட இல்லை, எதிரேதான் உட்கார்ந்திருந்தான். ரெண்டும் ஒண்ணுதாம்மா, எழுந்திரு, கல்யாணத்துக்கு நாள் பார் என்று அவன் வாயைத் திறந்திருந்தால் போதும்.